தூண்டில் பெட்டி: ஜெர்க்பெய்ட் கேள்விகளும் பதில்களும்

இந்த தடவை வந்த கேள்விங்கள்ல முக்கால்வாசி பாஸ் மீன் பிடிக்கற ஜெர்க்பெய்ட்ங்கற லூர், அதாவது தூண்டில்ல கட்டற பொய் மீன் பத்திதான். தண்ணி சில்லுனு ஆயிட்டா வருஷா வருஷம் இப்படித்தான், அதனால மத்ததையெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இதை ஒரு கை பாத்துடலாம்னு உக்காந்துட்டேன். டெம்பரேச்சர் எல்லாம் ஃபாரன்ஹீட்லயே சொல்றேன், அமெரிக்க போட்ல இருக்கற மீட்டர் அப்படித்தான் காட்டுது. செல்சியஸ் பழக்கம் உள்ளவங்க 40ன்னா ஏறக்குறைய 4, 50ன்னா 10, 60ன்னா பதினஞ்சரை, 70ன்னா 21ன்னு மனசுல வச்சுக்குங்க.

கேள்வி: அண்ணே, இதுவரைக்கும் ரப்பர் புழுவை வச்சுத்தான் பாஸ் பிடிச்சிட்டிருக்கேன். குளிர்காலம்னா ஜெர்க்பெய்ட்னு எல்லாரும் சொல்றாங்க. அது க்ராங்க்பெய்ட்லருந்து எப்படி வேற? பாத்தா ரெண்டும் பிளாஸ்டிக் மீன்தானே?

பதில்: பிளாஸ்டிக் மீன்தான் தம்பி, ஆனா குணம் வேற. க்ராங்க்பெய்ட் குண்டா இருக்கும், ரீலை சுத்திக்கிட்டே இருந்தா போதும், அதுவா இடுப்பை ஆட்டிக்கிட்டு வந்துடும். ஜெர்க்பெய்ட் ஒல்லி, நாலுலருந்து அஞ்சு இன்ச் நீளம், வாய்க்கு கீழ சின்னதா ஒரு நாக்கு, அடியில ரெண்டோ மூணோ ட்ரெபிள் ஹூக், அதாவது மூணு முள்ளு சேந்த கொக்கி. சும்மா சுத்தி இழுத்தா அது பெருசா ஒண்ணும் பண்ணாது. ராட், அதாவது தூண்டில் கம்போட நுனியால ஒரு வெட்டு வெட்டினா ஒரு பக்கமா விசுக்குனு பாயும், அடுத்த வெட்டுக்கு எதிர்ப்பக்கம் பாயும், விட்டுட்டா அப்படியே நிக்கும். அந்த நிக்கறது இருக்கு பாருங்க, சரக்கே அதுலதான்.

நிறுத்தினா மேல மிதந்து வர்றது ஃப்ளோட்டிங், நின்ன ஆழத்துலயே தொங்கறது சஸ்பெண்டிங், மெல்ல இறங்கறது சிங்கிங். பாஸுக்குன்னா பெரும்பாலும் சஸ்பெண்டிங்தான் பேச்சு. இந்த குடும்பத்துக்கே பாட்டன் யாருன்னு பாத்தா ஃபின்லாந்துக்காரர் லாரி ரபாலா. 1936ல கார்க்கை மீன் மாதிரி செதுக்கி, சாக்லேட் சுத்தி வர்ற ஃபாயிலை ஒட்டி, போட்டோ நெகட்டிவை உருக்கி மேல பூசி செஞ்சார். கூட்டத்துல கொஞ்சம் தள்ளாடிக்கிட்டு போற குஞ்சு மீனைத்தான் பெரிய மீன் குறி வைக்குதுன்னு அவர் கவனிச்சதுதான் அதுக்கு மூலம். அப்புறம் அமெரிக்காவுல ஓசார்க் மலைப்பக்கத்து ஏரிகள்ல மீன் பிடிக்கறவங்க மிதக்கற ஸ்மித்விக் ரோக் லூர்ல ஈயத்தை ஏத்தி தண்ணிக்குள்ள அந்தரத்துல நிக்க வச்சு பாத்தாங்க, குளிர்ல மீன் வரிசையா கவ்வுச்சு. இப்ப கம்பெனிங்களே அப்படி செஞ்சு தர்றாங்க. மெகாபாஸ் விஷன் 110, லக்கி க்ராஃப்ட் பாயின்டர், ரபாலா எக்ஸ்ராப் இதெல்லாம் அந்த வரிசைதான்.

கேள்வி: சார், ஓசார்க் பக்கத்து டேபிள் ராக் ஏரியில பிப்ரவரியில நாலு மணி நேரம் விடாம வீசினேன். தண்ணி 43 டிகிரி, கண்ணாடி மாதிரி தெளிவு. நல்ல லூர்தான், வீடியோவுல பாத்த மாதிரியே ரெண்டு வெட்டு, ஒரு நிறுத்தம்னு பண்ணினேன். ஒரு கொத்து கூட இல்ல. பக்கத்து போட்காரர் எங்கிட்ட இருந்த அதே லூரை வச்சு ஏழெட்டு மீன் எடுத்துட்டார். என் லூர்ல ஏதாவது குறையா?

பதில்: லூர்ல குறை இல்ல சார், உங்க கடிகாரத்துலதான் குறை. கோவிச்சுக்காதீங்க, நானும் இதே பள்ளத்துல விழுந்து எழுந்தவன்தான். பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு பிப்ரவரியில, நான் முன்னாடி நின்னு வீசறேன், போட்டோட பின்பக்கத்துல ஒரு நண்பர். அவருக்கு மீன் வருது, எனக்கு வரல. "எவ்வளவு நேரம் நிறுத்தறே"ன்னு கேட்டார். "பதினஞ்சு எண்ணறேன்"னேன், பொய் இல்ல, நெஜமாவே மனசுக்குள்ள எண்ணிக்கிட்டுதான் இருந்தேன். அவர் போனை எடுத்து ஸ்டாப்வாட்சை ஓட விட்டு "எண்ணு, வாய்விட்டு எண்ணு"ன்னார். நான் பதினஞ்சுன்னு முடிக்கறப்போ அதுல ஆறு செகண்டு. குளிர்ல கை விறைக்குது, மீனும் வரல, அப்போ மனுஷன் எண்ணறது ரேஸ் குதிரை மாதிரி ஓடும், நமக்கே தெரியாது. அதுலருந்து 45க்கு கீழ தண்ணி போயிட்டா நான் மனசுல எண்ணறதே இல்ல, கையில வாட்ச் கட்டி அதைப் பாத்துத்தான் நிறுத்தறேன், பதினஞ்சு செகண்டு, இருபது, சில நாள் முப்பது வரைக்கும் கூட. முப்பது செகண்டு சும்மா நின்னு பாருங்க, யுகமா இருக்கும். பக்கத்து போட்காரர் அதைத்தான் பண்ணியிருப்பார்.

ஏன் இவ்வளவு நேரம்னா, பாஸுக்கு ரத்தம் தண்ணியோட சூட்டுக்குத்தான் இருக்கும். 43 டிகிரியில அதோட உடம்பு ரொம்ப மந்தம், சாப்பிட்டது செரிக்கவே நாளாகும், துரத்தி ஓடி சாப்பிட அதுக்கு தெம்பும் இல்ல அவசியமும் இல்ல. ஆனா தெளிஞ்ச தண்ணியில இருபது அடி ஆழத்துலருந்து கூட மேல தொங்கற லூரைப் பாத்துட்டு மெல்ல எழும்பி வரும். நீங்க ரெண்டு வெட்டு வெட்டினப்போ அது கவனிக்குது, கிளம்புது, அது வந்து சேர்றதுக்குள்ள நீங்க லூரை நாலடி தள்ளி இழுத்துட்டீங்கன்னா "போடா"ன்னு திரும்பிடும். அவ்வளவுதான் நடந்திருக்கு.

இன்னொரு விஷயம், அந்தப் பக்கத்து ஏரிகள்ல பாஸுக்கு முக்கிய தீனி ஷாட் மீன். அதுல த்ரெட்ஃபின் ஷாட்னு ஒரு ஜாதி குளிர் தாங்காது, 45க்கு கீழ போனா தள்ளாட ஆரம்பிச்சுடும், 42 பக்கத்துல சாகவே ஆரம்பிச்சுடும். சாகப்போற ஷாட் எப்படி இருக்கும்னு தண்ணியை எட்டிப் பாத்தா தெரியும், ஒரு துடி துடிக்கும், ரெண்டு இன்ச் நகரும், அப்புறம் மூக்கு லேசா கீழ சாஞ்சு அசையாம தொங்கும், ரொம்ப நேரத்துக்கு அப்புறம் இன்னொரு துடி. உங்க ஜெர்க்பெய்ட் பண்ண வேண்டியது அதைத்தான். வீடியோவுல காட்டற வேகம் ஏப்ரல் மாசத்து வேகம் சார்.

அப்புறம் லைனை, அதான் தூண்டில் நரம்பை, எப்பவும் தளர்வா விடுங்க. வெட்டின உடனே ராட் நுனியை லூர் பக்கமா திரும்பக் கொண்டு போகணும், நரம்பு தண்ணி மேல லேசா வளைஞ்சு கிடக்கணும். இறுக்கமா பிடிச்சிருந்தா லூர் நேரா உங்களை நோக்கித்தான் வரும், தளர்வா இருந்தாத்தான் தலையைத் திருப்பி பக்கவாட்டுல நிக்கும், மீனுக்கு முழு உடம்பும் தெரியும். நிறுத்தியிருக்கற நேரம் முழுக்க கண்ணு அந்த நரம்பு தண்ணியைத் தொடற இடத்துலயே இருக்கட்டும். குளிர்ல கொத்து கைக்குத் தெரியாது, நரம்பு ஒரு அங்குலம் பக்கத்துல வழுக்கும், இல்ல லேசா துள்ளும், பல தடவை அதுவும் இருக்காது, அடுத்த வெட்டுக்கு நனைஞ்ச துணியை இழுத்த மாதிரி கனமா இருக்கும், அவ்வளவுதான். அப்போ ஆவேசமா தூக்கி அடிக்காதீங்க, ட்ரெபிள் ஹூக் சின்னது, மீன் பாதி நேரம் ஒரே ஒரு முள்ளுலதான் மாட்டியிருக்கும், ராடை பக்கவாட்டுல நீளமா இழுத்துக்கிட்டே சுத்தினா போதும்.

இடத்தைப் பத்தி நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லிடறேன். அந்த குளிர்ல கரையோரம் ஆழமில்லாத இடத்துல வீசி பிரயோஜனம் இல்ல. பாறைச் சுவர் முடியற மூலை, பழைய ஆத்து வாய்க்கால் கரைக்கு ஒட்டி வளையற இடம், தண்ணிக்குள்ள முழுகி நிக்கற மரங்களோட உச்சி, போட்டுக்கு கீழ இருபது முப்பது அடி ஆழம் இருக்கற மாதிரி நிறுத்திக்கிட்டு அதுங்க மேல ஓட விடுங்க. லேசா காத்து அடிச்சு தண்ணி சிலிர்த்துக்கிட்டு இருந்தா அந்தக் கரையை முதல்ல பாருங்க. கண்ணாடி மாதிரி அசையாத தண்ணின்னா மீனுக்கு லூரை ஆற அமர ஆராய்ச்சி பண்ண நேரம் கிடைச்சுடும், அது நமக்கு நல்லதில்ல.

கேள்வி: சஸ்பெண்டிங்னு டப்பாவுல போட்டிருக்கு, ஆனா என் லூர் மெல்ல மேல வருது. இன்னொண்ணு அதே மாடல், அது இறங்குது. ஏமாத்தறாங்களா?

பதில்: ஏமாத்து வேலை இல்ல. தண்ணி 39 டிகிரி பக்கத்துலதான் ரொம்ப அடர்த்தி, சூடாக ஆக அடர்த்தி குறையும். 70 டிகிரி தண்ணியில சரியா நிக்கற லூர் 40ல மிதக்கத்தான் செய்யும். கணக்கு போட்டா வித்தியாசம் ஆயிரத்துல ரெண்டு பங்குதான், 14 கிராம் லூருக்கு 0.03 கிராம் கூட வராது, ஆனா அந்தரத்துல நிக்கற பொருளுக்கு அதுவே அதிகம். அதுக்கு மேல ஒவ்வொரு லூரும் பெயின்ட், ஹூக், உள்ள இருக்கற குண்டுன்னு கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசப்படும். நீங்க ஹூக்கை மாத்தியிருந்தா அதுவும் சேரும், ஒரு சைஸ் பெரிய ட்ரெபிள் மூணு மாட்டினா நிக்கற லூர் இறங்க ஆரம்பிச்சுடும். ஃப்ளூரோகார்பன் நரம்பும் தண்ணியில முழுகற ஜாதி, அதுவும் மூக்கை கீழ இழுக்கும்.

நான் பண்றது இதுதான். ஏரியில போட்டை நிறுத்தின உடனே, வீசறதுக்கு முன்னாடி, லூரை அன்னிக்கு கட்டப்போற நரம்புலயே கட்டி போட் பக்கத்துல ரெண்டடி கீழ இறக்கி விட்டுப் பாப்பேன். வீட்டு பக்கெட்ல பாக்காதீங்க, அது வேற சூடு. மேல வந்துச்சுன்னா முன்னாடி ஹூக்கோட தண்டுல மெல்லிசு ஈயக் கம்பியை ரெண்டு சுத்து, திரும்ப இறக்கு, இன்னும் வருதா, இன்னும் ஒரு சுத்து, போதும்னு பட்டா அரை சுத்தை வெட்டி எடுத்துடுவேன். ஈயக் கம்பி இல்லாதவங்க ஸ்டார்ம் கம்பெனி ஸ்டிக்கர் மாதிரி ஒட்டற வெயிட் போடறாங்க, அதை நாக்குக்கு பின்னாடி வயித்துல ஒட்டலாம், கொஞ்சம் கொஞ்சமா கத்தரிச்சு சரி பண்ணிக்கலாம். எடை முன்பக்கமா இருக்கட்டும், வால் பக்கம் ஏத்தினா மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்கும், செத்த ஷாட் அப்படி நிக்காது. அந்த அஞ்சு நிமிஷ வேலையைப் பாத்து பக்கத்து போட்ல சிரிப்பாங்க, சிரிக்கட்டும். மேல வர்ற லூரை விட அணு அணுவா இறங்கற லூர் எனக்குப் பிடிக்கும், இது என் சொந்தக் கருத்து, மெல்ல மேல வர்றதுதான் நல்லதுன்னு சத்தியம் பண்றவங்களும் இருக்காங்க.

கேள்வி: கலங்கின தண்ணியில ஜெர்க்பெய்ட் போடலாமா?

பதில்: வேண்டாம். உங்க லூரை ரெண்டடி இறக்கினா தெரியலையா, பெட்டியில வச்சுடுங்க. பாஸ் கண்ணால பாத்து வந்து கவ்வணும், கலங்கல்ல அது எங்க பாக்கும்.

கேள்வி: மார்ச், ஏப்ரல்ல எப்படி மாத்தணும் அண்ணா? தண்ணி சூடாகும்போது எவ்வளவு நேரம் நிறுத்தணும்னு ஒரு கணக்கு சொல்லுங்க.

பதில்: கணக்குன்னு கேட்டதால ஒரு குத்துமதிப்பு சொல்றேன், ஆனா இதை சட்டமா எடுத்துக்காதீங்க. 45லருந்து 50 வரைக்கும் அஞ்சுலருந்து பத்து செகண்டு, 50 தாண்டினா மூணு நாலு, 55க்கு மேல ரெண்டு, 60ல நிறுத்தினோமா இல்லையாங்கற மாதிரி. வெட்டும் அப்படித்தான் மாறும், குளிர்ல மெல்ல ஒரு தள்ளு தள்ளின மாதிரி இருந்தது 55ல சுளீர்னு ஆயிடும். முதல் மீன் எந்த நிறுத்தத்துல வந்துச்சோ அதை மனசுல குறிச்சுக்குங்க, மீதி நாளுக்கு அதுதான் கணக்கு, நான் சொன்னதைத் தூக்கிப் போடுங்க.

வருஷத்துலயே நல்ல காலம் இந்த 48லருந்து 58 வரைக்கும்தான். முட்டை போடறதுக்கு முன்னாடி பெரிய பொம்பளை மீனுங்க ஆழத்துலருந்து கிளம்பி ஓடை வாய்க்குள்ள இருக்கற முனைகள்ல வந்து தங்கி தீனி எடுக்கும். அதுங்க நேரா கரைக்கு போயிடாது, வழியில தங்கித் தங்கித்தான் போகும், நீட்டிக்கிட்டு இருக்கற ஒவ்வொரு முனையும் ஒரு சத்திரம் மாதிரின்னு வச்சுக்குங்க. வெயில் ரெண்டு மூணு நாள் தொடர்ந்து அடிச்சா வடக்குக் கரை முதல்ல சூடாகும், தெற்கு பாத்த மாதிரி இருக்கறதால, அங்க ரெண்டு டிகிரி அதிகம் இருந்தா கூட மீன் அங்கதான். குளிர் காத்து திரும்ப அடிச்சா அதே முனைக்கு பக்கத்துல கொஞ்சம் ஆழத்துக்கு இறங்கிடும், ஊரை விட்டே போகாது. அந்த மாதிரி நாள்ல நீளமான நாக்கு உள்ள, எட்டு பத்து அடி இறங்கற மாடலை எடுங்க, இல்ல நரம்பை மெல்லிசாக்குங்க, அதுவே ஒரு அடி ஒன்றரை அடி கூடுதலா இறக்கிடும்.

லார்ஜ்மவுத் ஜாதி பாஸ் 60 தாண்டினா முட்டை போட ஆரம்பிக்கும், ஸ்மால்மவுத் ஜாதி அதுக்கு கொஞ்சம் முன்னாடியே. கூடு மேல உக்காந்திருக்கற மீனை ஜெர்க்பெய்ட் வச்சு எரிச்சல் மூட்டி பிடிக்க முடியும்தான். நான் பண்றதில்ல, கூட்டைக் காக்கற ஆம்பளை மீனைத் தூக்கின அடுத்த நிமிஷமே ப்ளூகில்ங்கற சின்ன மீன் கூட்டம் முட்டையை மொத்தமா தின்னுடும், சில இடங்கள்ல அந்த நேரத்துக்கு சட்டத் தடையே இருக்கு, போறதுக்கு முன்னாடி பாத்துக்குங்க. முட்டை போட்டு களைச்சுப்போன பொம்பளை மீனுக்கு பழைய ஃப்ளோட்டிங் மாடல்தான் ஜோர், ரெண்டு துடி, மேல மிதந்து வர விடு, திரும்ப ரெண்டு துடி.

கேள்வி: ரெண்டு மணி நேரம் ஜெர்க்பெய்ட் போட்டா மணிக்கட்டும் தோளும் கழண்டு விழுது. எனக்கு வயசு அம்பத்தாறு. வேற வழி இருக்கா? ராட் என்ன மாதிரி வாங்கணும்?

பதில்: ஐயா, நீங்க ஏழடிக்கு மேல நீளமான கனத்த ராட் வச்சு, நரம்பை இறுக்கிப் பிடிச்சு, கையை முழுசா வீசி இழுக்கறீங்கன்னு நினைக்கறேன். லூரை இழுக்கவே வேண்டாம், தளர்ந்து கிடக்கற நரம்பை சொடுக்கினா போதும். ராட் நுனி தண்ணியைப் பாத்து கீழ இருக்கட்டும், முழங்கை இடுப்போட ஒட்டியிருக்கட்டும், மணிக்கட்டை ஒரு சொடுக்கு, ஆறு இன்ச் தூரம், உடனே நுனி பழைய இடத்துக்கு. நரம்பு முடுக்குனு நிமிர்ற சத்தம் கேக்கும், லூர் அந்த அதிர்ச்சியிலயே பாயும், அதுக்கப்புறம் உங்க கைக்கு எடை இருக்காது. ராட் ஆறரைலருந்து ஆறு அடி பத்து இன்ச்சுக்குள்ள, மீடியம், கைப்பிடி குட்டையா இருக்கணும், நீளமா இருந்தா ஒவ்வொரு சொடுக்குக்கும் விலாவுல இடிக்கும். லைன் 10 பவுண்டு தாங்கற ஃப்ளூரோகார்பன், ரொம்ப தெளிவுன்னா 8, மரம் முள்ளுன்னா 12. முழுக்க ப்ரெய்டு, அதாவது பின்னின நரம்பு வேண்டாம், அது மிதக்கும், தளர்வா விட்டா ஹூக்கையே சுத்திக்கிட்டு மானத்தை வாங்கும். முடிச்சு நேரா லூரோட மூக்குல போடாம ஸ்பிளிட் ரிங்ங்கற சின்ன வளையத்துலயோ ஸ்னாப்ங்கற சின்ன கொக்கியிலயோ போடுங்க, லூர் தலை ஆட இடம் வேணும்.

கேள்வி: நிறம் எப்படி தேர்ந்தெடுக்கறது? கடையில நாப்பது நிறம் தொங்குது.

பதில்: அதுல முப்பது நம்மளைப் பிடிக்க தொங்குது. தெளிஞ்ச தண்ணியும் வெயிலும்னா உடம்பு ஊடுருவித் தெரியற கோஸ்ட் மாதிரி நிறம், மேகமூட்டம்னா பளபளப்பு இல்லாத வெள்ளை, லேசா கலங்கல்னா தங்க நிறமோ பச்சைமஞ்சள் முதுகோ. தீர்ந்துச்சு. நிறுத்தற நேரத்தை மாத்திப் பாக்கறதுக்கு முன்னாடி நிறத்தை மாத்தறவங்கதான் எனக்கு அதிகமா எழுதறாங்க.

கேள்வி: கோடையில இதைத் தூக்கி வச்சுடலாமா?

பதில்: வச்சுடாதீங்க, ஆனா நிறுத்தத்தை மறந்துடுங்க. 75க்கு மேல பாஸ் வேகமா வேட்டை ஆடற நேரம், நின்ன லூரை அது ஆராஞ்சு பாத்து பொய்னு கண்டுபிடிச்சுடும், அதனால யோசிக்கவே விடக்கூடாது, வெட்டு வெட்டு வெட்டுனு நிறுத்தாம கொண்டு வாங்க. வடக்க ஈரி ஏரி, செயின்ட் லாரன்ஸ் ஆறு பக்கத்து ஸ்மால்மவுத்துக்கு இந்த பைத்தியக்கார வேகம் ரொம்ப பிடிக்கும், அதுவும் காத்தடிக்கற நாள்ல. தெற்க ஜார்ஜியாவுல லேனியர் ஏரியில ப்ளூபேக் ஹெர்ரிங்னு ஒரு தீனி மீன் இருக்கு, அது தண்ணிக்கு நடுவுல கூட்டமா ஓடும், அதைத் துரத்தற ஸ்பாட்டட் பாஸும் இதே மாதிரிதான், மெதுவா போட்டா திரும்பிக் கூட பாக்காது. மத்த இடங்கள்ல விடிகாலை ஒரு மணி நேரம், சாயங்காலம் கொஞ்சம், நடுவுல வேற ஏதாவது பண்ணுங்க.

கேள்வி: அக்டோபர்ல ஓடைக்குள்ள ஷாட் மீன் லட்சக்கணக்குல இருக்கு, பாஸும் அடிக்குது, கண்ணால பாக்கறேன். என் லூரை மட்டும் தொடல. என்ன கொடுமை இது?

பதில்: கல்யாண வீட்டுல ஆயிரம் பேர் உக்காந்திருக்கற பந்தியில நீங்களும் ஒரு ஆளா உக்காந்தா யார் கண்ணுக்குத் தெரியும்? தண்ணி 70லருந்து இறங்க இறங்க ஷாட் கூட்டம் ஓடைகளோட கடைசி வரைக்கும் போயிடும், பாஸ் பின்னாடியே போகும், தீனிக்குப் பஞ்சமே இல்ல. கூட்டத்துக்கு நடுவுல வீசாதீங்க. கூட்டத்தோட ஓரத்துல, இல்ல அதுக்கு கொஞ்சம் கீழ போற மாதிரி, தனியா பிரிஞ்சு அடிபட்ட மீன் மாதிரி காட்டுங்க. அந்த மாசம் ஷாட் சின்னதா இருந்தா அஞ்சு இன்ச் லூரை வச்சுட்டு மூணு இன்ச்சுக்கு வாங்க, பாயின்டர் 78 மாதிரி சைஸ். பெரிய ஏரி ஒரு வாரம் திடீர்னு கலங்கி பச்சையா நாத்தம் அடிச்சா அடித்தண்ணியும் மேல்தண்ணியும் கலக்குதுன்னு அர்த்தம், அப்போ அங்க மல்லுக்கட்டாம ஆத்துத் தண்ணி ஓடி வர்ற மேல்பக்கத்துக்கு போயிடுங்க. நவம்பர் கடைசியில 50 பக்கத்துல வந்தா வசந்த காலத்து ஆட்டத்தையே திருப்பிப் போட்ட மாதிரி, நிறுத்தம் திரும்ப நீள ஆரம்பிக்கும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் போன வாரம் ட்ரெபிள் ஹூக்கை கட்டைவிரல்ல ஏத்திக்கிட்டு வந்தார், இன்னொரு முள்ளுல மீன் தொங்கிக்கிட்டே துள்ளியிருக்கு. அவருக்கு உங்க பத்தின்னா வேதம், ரெண்டு வார்த்தை சொல்லுங்க.

பதில்: அம்மா, அவர்கிட்ட இதை சத்தமா படிச்சுக் காட்டுங்க. ஐயா, ஜெர்க்பெய்ட்ல மாட்டின மீனை வாய்ல விரல் விட்டுத் தூக்காதீங்க, மூணு ஹூக்ல ஒண்ணு மீன் வாய்ல, மீதி ரெண்டும் உங்க கையைத் தேடிக்கிட்டு இருக்கும். வலையில எடுங்க, ரப்பர் பூசின வலைன்னா ஹூக் சிக்காது, நீளமான மூக்கு உள்ள பிளையர்ஸால கழட்டுங்க. ஹூக்ல இருக்கற எதிர்முள்ளை பிளையர்ஸால நசுக்கி விட்டா உங்களுக்கும் நல்லது மீனுக்கும் நல்லது, தளரவிடாம இழுத்தா மீன் ஒண்ணும் தப்பாது.

ஏறிடுச்சுன்னா முதல்ல மீனை விலக்கி, ஹூக்கை ஸ்பிளிட் ரிங்லருந்து வெட்டி லூரைத் தனியா எடுத்துடணும். தோல் அளவுல ஏறியிருந்தா ஒரு வழி இருக்கு. கனமான நரம்பை ஹூக்கோட வளைவுல மாட்டி, ஹூக் தண்டை தோலோட ஒட்டி கீழ அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, நரம்பை தோலுக்கு இணையா பின்பக்கமா ஒரே வெட்டா சுண்டி இழுக்கணும், அழுத்தறதால எதிர்முள் விடுபட்டு வந்துடும். மெல்ல இழுத்தா வராது, வலிதான் மிச்சம். பறந்து வர்ற ஹூக் எதிர்ல நிக்கறவர் முகத்துக்குப் போகும், தள்ளி நிக்கச் சொல்லுங்க. கண்ணு பக்கம், மூட்டு, கழுத்து, இல்ல ஆழமா ஏறியிருந்தா தொடவே தொடாதீங்க, அசையாம கட்டி டாக்டர்கிட்ட போங்க. டெட்டனஸ் ஊசி எப்ப போட்டதுன்னு எப்படியும் கேப்பாங்க, ஞாபகப்படுத்தி வச்சுக்குங்க. கண்ணாடி போடாம இந்த லூரை வீசறவங்களைப் பாத்தா எனக்கு வயித்தைக் கலக்கும், கீழ்நோக்கி சொடுக்கும்போது மரத்துல மாட்டின லூர் விடுபட்டா நேரா மூஞ்சிக்குத்தான் வரும்.

கேள்வி: இப்ப எல்லாரும் நேரா முன்னாடி காட்டற சோனாரை வச்சு, மீனைத் திரையில பாத்துக்கிட்டே ஜெர்க்பெய்ட் போடறாங்க. இது மீன்பிடியா வீடியோ கேமா?

பதில்: 2018ல கார்மின் கம்பெனியோட லைவ்ஸ்கோப் சோனார் வந்ததுலருந்து இந்த சண்டை ஓயல. எனக்கு ரெண்டு மனசு. போட்டியில இளவட்டங்க நாள் முழுக்க குனிஞ்சு திரையையே பாத்துக்கிட்டு நிக்கறதைப் பாத்தா சிரிப்பாத்தான் வருது. ஆனா நடுத்தண்ணியில அந்தரத்துல நிக்கற மீன், முன்ன நாங்க கண்ணை மூடிக்கிட்டு வீசின மீன், அதுக்கு ஜெர்க்பெய்ட் எவ்வளவு பொருத்தம்னு அந்தத் திரைதான் காட்டுச்சு. ஒரு நண்பரோட போட்ல நானும் பாத்தேன். லூர் நின்னுச்சு, கீழருந்து ஒரு புள்ளி எழும்பி வந்துச்சு, லூருக்கு ஒரு அடி கீழ நின்னுச்சு. நிக்குது நிக்குது, எனக்கு கை துறுதுறுங்குது. அசைச்சேன். புள்ளி இறங்கிப் போயிடுச்சு. அடுத்த தடவை அசைக்கல, இருபத்திரண்டாவது செகண்டுல ரெண்டு புள்ளியும் ஒண்ணாச்சு.

கேள்வி: எங்கிட்ட இப்போ 47 ஜெர்க்பெய்ட் இருக்கு. மனைவி எண்ணிட்டாங்க. இன்னும் மூணு வாங்கினா அம்பதாகும், வாங்கலாமா? அப்படியே உலக ரெக்கார்டு பாஸ் எந்த ஜெர்க்பெய்ட்ல விழுந்துச்சுன்னும் சொல்லுங்க, வீட்டுல காரணம் காட்டணும்.

பதில்: மாட்டிக்கிட்டீங்க. ரெக்கார்டு ஒண்ணு இல்ல ரெண்டு, ரெண்டும் உங்களுக்கு சாதகமா இல்ல. ஜப்பான்ல பிவா ஏரியில 2009 ஜூலையில மனாபு குரிட்டா பிடிச்சது 22 பவுண்டு 4 அவுன்ஸும் சொச்சமும், பழைய ரெக்கார்டை விட ஒரு அவுன்ஸ் கூட முழுசா அதிகம் இல்ல, முந்தணும்னா 2 அவுன்ஸ் கூட இருக்கணுங்கறது விதி, அதனால சமம்னு அறிவிச்சாங்க. அவர் போட்டது உயிருள்ள ப்ளூகில் மீன். பழைய ரெக்கார்டு ஜார்ஜியாவுல 1932 ஜூன்ல ஜார்ஜ் பெர்ரி பிடிச்ச 22 பவுண்டு 4 அவுன்ஸ். அவர் போட்டது லூர்தான், ஆனா அன்னிக்கு அவருக்கும் கூட வந்தவருக்கும் சேத்து இருந்ததே ஒரே ஒரு லூர்தானாம், மாத்தி மாத்தி வீசியிருக்காங்க. மீனை எடை போட்டுட்டு வீட்டுக்குக் கொண்டு போய் சமைச்சு சாப்பிட்டுட்டாங்க.